பேயழைப்பு மந்திரங்களின் மூலத்தைத் தேடுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கான முழு வழிகாட்டி

பேய், முனி, காட்டேரி போன்றவற்றை அழைக்கவும், பேசவைக்கவும், கட்டவும், விரட்டவும் இந்த வட்டாரத்தில் சொல்லும் மந்திரங்கள் பலவற்றுக்குச் சொல்பவருக்கே பொருள் தெரியாது. தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், நானும் சொல்கிறேன் என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த வரிகள் தமிழாகவே இல்லாமல் இருக்கலாம்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. மந்திரம் முழுவதற்கும் ஒரே மூலம் இருக்கும் என்று நினைத்துத் தேடுகிறார்கள். அப்படி அமைவது மிக அரிது. பீஜம் (ஹ்ரீம், க்லீம் போன்ற ஓரசை வித்தெழுத்து) ஓரிடத்திலிருந்தும், பெயர் வேறிடத்திலிருந்தும், ஏவல் வரி (வா, போ என்று கட்டளையிடும் வரி) பக்கத்து மொழியிலிருந்தும் வந்து ஒட்டியிருக்கும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத்தான் தேட வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றினால் பின்னால் வரும் படி முன்னதைக் கெடுத்துவிடும்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோடுபோட்ட நோட்டு, பென்சில், ஒலிப்பதிவு செய்யும் போன், அளவுகோல், பக்கவாட்டில் ஒளி பாய்ச்ச ஒரு சின்ன டார்ச். பேனா வேண்டாம். பழைய தாள் அருகில் மை சிந்தினால் திரும்பப் பெற முடியாது.

நான்கு மொழி அகராதிகள் தேவை. தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், கன்னடத்துக்குக் கிட்டல் (1894), தெலுங்குக்குப் பிரவுன் (1852), நான்காவதாக ஏதாவது ஒரு சமஸ்கிருத அகராதி. இவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கன்னட, தெலுங்கு எழுத்துகளைக் கூட்டி வாசிக்கும் அளவுக்காவது முதலில் பழகிக்கொள்ளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து மந்திரத்தைத் தமிழ் மட்டும் தெரிந்தவர் பிரிக்க முயன்றால் முதல் வரியிலேயே தவறு நேரும்.

2. ஆளைப் பார்ப்பதும் அனுமதி கேட்பதும்

மந்திரம் சொல்பவர், பம்பைக்காரர், கோயில் பூசாரி, நோட்டு மட்டும் வைத்திருக்கும் குடும்பத்தார் ஆகியோர் வெவ்வேறு ஆட்கள். யாரிடம் என்ன இருக்கும் என்று தெரிந்து போங்கள். பம்பைக்காரரிடம் இருப்பது பெரும்பாலும் வர்ணிப்பு. அது தமிழில் நீளமாகப் பாடும் அழைப்பு, பொருள் விளங்கும். பொருள் விளங்காத குறுமந்திரம் உபதேசம் பெற்றவரிடமும் அவர் வீட்டு நோட்டிலும்தான் இருக்கும்.

அமாவாசை, கிரகணம், வெள்ளிக்கிழமை இரவு ஆகிய வேளைகளில் போகாதீர்கள். அவர்கள் உருவேற்றும் நேரம் அது. மாசி அமாவாசையில் மயானக் கொள்ளை நடக்கும் காவேரிப்பட்டணம் போன்ற ஊர்களில் அந்த வாரம் முழுவதுமே யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.

வெற்றிலை பாக்கு, பழம், தட்சணையோடு போய், முதல் நாள் மந்திரத்தைக் கேட்காமல் குருவின் பெயரையும் ஊரையும் மட்டும் கேளுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. குரு எந்த ஊர், எந்த மொழி பேசியவர் என்பதுதான் பின்னால் ஆறாம் படியில் உங்களுக்கு வழி காட்டும்.

வெளியே சொன்னால் பலிக்காது என்று அவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். சிலர் முழுவதையும் சொல்லாமல் பீஜத்தை மட்டும் விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வார்கள். அதுவே போதும், வற்புறுத்தாதீர்கள். பேய் பிடித்ததாக ஒருவரை உட்கார வைத்திருக்கும் நேரத்தில் ஒருபோதும் பதிவு செய்யக் கூடாது. அங்கே உட்கார்ந்திருப்பவர் வேதனையில் இருக்கும் மனிதர். அவர் குரலும் முகமும் உங்கள் ஆய்வுக்கு உரியவை அல்ல.

3. ஒலிப்பதிவு

போனை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஓர் அடி தள்ளி, துணி மடிப்பின் மேல் வையுங்கள். உடுக்கை அடித்துச் சொல்வது ஒருமுறை, உடுக்கை இல்லாமல் சாதாரணமாகச் சொல்வது இரண்டுமுறை என மூன்று பதிவு வேண்டும்.

உடுக்கையோடு சொல்லும்போது தாளத்துக்காக அசை நீளும், சில இடத்தில் ‘அ’, ‘ஆ’ என்று சேரும். அது மந்திரத்தின் பகுதி அல்ல. இரண்டு விதமும் இருந்தால்தான் பிரித்துக் காண முடியும். உடுக்கைப் பதிவு மட்டும் கையில் வைத்திருப்பவர்கள் தாளத்தின் அசையைப் பீஜம் என்று எழுதிவிடுகிறார்கள்.

பதிவில் முக்கியமாகக் காது கொடுக்க வேண்டியது க, ச, ட, த, ப எழுத்துகளின் சொல்முதல் ஒலிக்கு. வல்லொலியா மெல்லிய ஒலியா என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது, வாய் காட்டும்.

4. படியெடுத்தல்: மூன்று வரி முறை

ஒவ்வொரு வரிக்கும் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள். முதல் வரியில் நோட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து. இரண்டாம் வரியில் காதில் விழுந்தபடி. மூன்றாம் வரியில், கடைசியாக, இது என்னவாக இருக்கும் என்ற உங்கள் ஊகம்.

மூன்றாம் வரியை முதல் நாளே நிரப்பாதீர்கள். ‘சுவாகா’ என்று கண்டதும் ‘ஸ்வாஹா’ என்று திருத்தி எழுதிவிட்டால், அந்த நோட்டை எழுதியவருக்குக் கிரந்த எழுத்து தெரியாது என்ற தடயம் அழிந்துவிடும். பிழைதான் இங்கே மதிப்புள்ள பொருள்.

ஓலையாக இருந்தால் கூடுதல் கவனம். ஓலையில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு இருக்காது, காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். ‘கடடிதெ’ என்று தெரிவது ‘கட்டிதெ’யாகவும் ‘கட்டிதே’யாகவும் இருக்கலாம். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து தெரியவில்லை என்று எண்ணெயோ கரியோ மஞ்சளோ தடவாதீர்கள். டார்ச்சைத் தாழ்வாகப் பக்கவாட்டில் பிடித்தால் கீறல் நிழல் விழுந்து படிக்க வரும். படமெடுக்கும்போது அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள்.

5. துண்டாக்குதல்: கடைசியிலிருந்து முன்னோக்கி

பெரும்பாலான மந்திரங்களில் தொடக்கம், பீஜம், பெயர், வருணனை, ஏவல், ஆணை, முடிப்பு என்று ஏழு உறுப்பு இருக்கும். எல்லாம் இருக்க வேண்டும் என்பதில்லை.

முடிப்பிலிருந்து தொடங்குங்கள். காரணம், ஆளுக்கும் ஊருக்கும் ஏற்ப மாற்றுவது பெயரையும் ஏவலையும்தான். முடிப்பைத் தொட யாரும் துணிவதில்லை.

‘உம் படு சுவாகா’ என்றால் அது ‘ஹும் பட் ஸ்வாஹா’. ‘படு’ என்பதைப் படுத்துக்கொள் என்று விளக்குவது அடிக்கடி நடக்கிற பிழை. ‘வசட்டு’, ‘வவுசட்’ என்பவை வஷட், வௌஷட். ஹும், பட் என முடிபவை ஆண் மந்திரம், ஸ்வாஹா என முடிபவை பெண் மந்திரம், நம: என முடிபவை அலி மந்திரம் என்று வடமொழித் தந்திர நூல்கள் வகுக்கின்றன.

‘சப்து சாஞ்சா பிண்டு காஞ்சா, புரோ மந்திர ஈசுரோ வாசா’ என்பது போல முடிந்தால் உங்கள் வேலை எளிது. வடநாட்டுப் பேச்சுமொழியில் அமைந்த சாபர மந்திரங்களின் பெயர்பெற்ற முடிப்பு அது. அதைத் தமிழிலோ வடமொழியிலோ தேடி நாளைக் கழிக்க வேண்டாம்.

ஆணை வரி (இன்னார் மேல் ஆணை என்று சொல்வது) இந்த மொழிகளில் ஒத்திருக்கும்: தமிழில் ஆணை, கன்னடத்தில் ஆணெ, தெலுங்கில் ஆன, மலையாளத்தில் ஆண. அதனால் அந்தச் சொல்லை வைத்து மொழியை முடிவு செய்யாமல், ஆணைக்கு முன்னால் யார் பெயர் நிற்கிறது என்று பாருங்கள்.

6. மொழி அடுக்கைப் பிரித்தல்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்கினி உருதுவும் (தென்னாட்டில் பேசும் உருது) ஒரே சந்தையில் புழங்கிய வட்டாரம் இது. மந்திரமும் அப்படியே புழங்கியது.

பாடத்துக்காக நாமே கோத்த ஒரு வரி:

‘ஓம் ஐயும் கிலியும் சவ்வும் மூடண கட்டிதெ காளி பிட்டு ஓகு குருவாணை உம் படு சுவாகா.’

தமிழ்க் கண்ணோடு பார்த்தால் காளிக்குப் பிட்டு படைக்கும் மந்திரம் போலத் தோன்றும். ‘மூடண’ என்பது மூடனைத் திட்டுவது போலவும் தோன்றும். இரண்டும் தவறு. கன்னடத்தில் ‘காளி’ (சொல்முதல் ககரத்தை மென்மையாக, ‘கங்கை’யில் இரண்டாவது ககரம் போல ஒலிக்க வேண்டும்) என்றால் காற்று. நம் ஊரில் காத்து கருப்பு என்கிறோமே, அதே பொருள். ‘பிட்டு ஹோகு’ என்றால் விட்டுப் போ. ‘மூடண’ என்றால் கிழக்கு. ‘கட்டிதெ’ என்றால் கட்டினேன். ஆக, கிழக்குத் திசையைக் கட்டிவிட்டேன், காற்றே விட்டுப் போ என்பதுதான் நடுப்பகுதி. காளியம்மனுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

தமிழ் எழுத்தில் ‘காளி’ ஒன்றுதான். அது தெய்வமா காற்றா என்பதை இரண்டு வழியில் தீர்க்கலாம். பதிவில் சொல்முதல் ஒலியைக் கேளுங்கள். பிறகு அதை அடுத்து வரும் வினையைப் பாருங்கள். ‘பா’ என்று வந்தால் கன்னட ‘வா’, அழைப்பு. ‘பிட்டு ஓகு’ என்று வந்தால் விரட்டல்.

தெலுங்கில் அதே சொல் ‘காலி’ என்று வரும். தமிழர் அதை வெறுமை என்று படித்துவிடுவார்கள். ‘வதிலி போ’, ‘விடிச்சி போ’ என்று வினை தொடர்ந்தால் தெலுங்கு உறுதி.

இன்னொரு பொறி ‘தெய்வம்’. கன்னடத்தில் ‘தெவ்வ’, தெலுங்கில் ‘தய்யமு’ என்றால் பேய். படியெடுத்த தமிழர் இதைப் பிழை என்று நினைத்துத் ‘தெய்வமே’ என்று திருத்தியிருக்கலாம். ஒரு மந்திரம் தெய்வத்தைப் பார்த்து ஓடிப்போ என்று சொன்னால் உடனே இதைச் சந்தேகியுங்கள்.

மொழியை விரைவாகக் காட்டுவது திசைக்கட்டு வரி. கிழக்கு, மேற்கு என்றால் தமிழ். தூர்ப்பு, படமர என்றால் தெலுங்கு. மூடண, படுவண, தெங்கண, படகண என்றால் கன்னடம். பூரப், பச்சிம் என்றால் தக்கினி அல்லது இந்தி. கட்டும் வினையும் அப்படியே: கட்டினேன், கட்டிதி, கட்டிதெ முறையே தமிழ், தெலுங்கு, கன்னடம்.

உருது அடுக்கைப் பலர் தவறவிடுகிறார்கள். ‘பிசுமில்லா’ என்று தொடங்கினால் யாருக்கும் தெரியும். ஆனால் நடுவில் ‘ஆசர் ஓ’ என்று வந்தால் தெரியாது. அது ‘ஹாஜிர் ஹோ’, முன்னே வந்து நில் என்ற ஏவல். நீதிமன்றத்தில் ஆஜர் என்கிறோமே, அதே சொல். ‘உக்கும்’ என்பது பீஜமாக இல்லாமல் ‘ஹுகும்’ என்ற கட்டளையாக இருக்கலாம். சுலைமான் நபி பெயர் அருகில் இருந்தால் ஜின்னை அழைக்கும் மரபின் துண்டு.

இணையம் வந்த பிறகு சேர்ந்த அடுக்கு ஒன்றும் இருக்கிறது. ‘டாசா ரெமே லாரிஸ்’ என்ற வகை வரிகள் ஆங்கிலப் பேய்வழிபாட்டுக் குழுக்களிடமிருந்து போன் வழியாக வந்தவை. பழைய நோட்டில் வேறு கையெழுத்தில் இவை இருந்தால் பேரனின் சேர்க்கை என்று தனியாகக் குறியுங்கள்.

7. பீஜங்கள்

பீஜத்தை வைத்து மூலம் சொல்லத் தொடங்குவது ஆபத்து. எல்லா மந்திரத்திலும் இவை புழங்குகின்றன. ஆனால் வரிசை பேசும்.

‘ஐயும் கிலியும் சவ்வும்’ என்ற மூன்றும் இதே வரிசையில் வந்தால் அது பாலா என்ற தேவியின் மந்திரத்தில் வரும் ஐம், க்லீம், ஸௌ: என்பதன் தமிழ் வாய்வடிவம். ‘ரீயும்’, ‘றீங்’ இரண்டும் ஹ்ரீம். மகர மெய்யை ‘யும்’ என்று முடிப்பதும் ‘ங்’ என்று முடிப்பதும் இரு வேறு வழக்கு. ஒரே நோட்டில் இரண்டும் கலந்து வந்தால் இரண்டு இடத்திலிருந்து படியெடுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

‘நங், சிங், வங்’ என்று நமசிவய எழுத்துகளை மாற்றி அடுக்கியிருந்தால் சித்தர் பாடல் மரபின் பக்கம் திரும்புங்கள். அங்கே ‘பாரப்பா’, ‘கேளப்பா’ என்ற விளிகள் சுற்றியுள்ள வரிகளில் இருக்கும். சித்தர் நூல்கள் பல அந்தாதியாக அமைந்தவை. ஒரு செய்யுளின் கடைசிச் சொல் அடுத்ததன் முதற்சொல்லாக வரும். ஒரு பாடல் கிடைத்தால் முன்னும் பின்னும் உள்ளவற்றை இப்படிப் பிடிக்கலாம். அகத்தியர் சொன்னது என்று தலைப்பு இருப்பது மட்டும் சான்றாகாது.

8. பெயர்கள் காட்டும் வழி

வேடியப்பன் பெயர் வந்தால் அது இந்தப் பக்கத்துச் சேர்க்கை. நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவது நம் வட்டார வழக்கம். வாமுனி, செம்முனி, சடாமுனி என்ற அடுக்கு வடதமிழகத்துப் பச்சையம்மன் மரபு. மாதேஸ்வரன் காவிரிக்கு அக்கரைக் கன்னட மலையைக் காட்டுவார். ஜக்கம்மா தெலுங்குப் பக்கம், குட்டிச்சாத்தான் மலையாளப் பக்கம், சுடலையும் இசக்கியும் தெற்குச் சீமை.

சுடலைமாடன் பெயர் பாலக்கோட்டு நோட்டில் இருந்தால், தென்மாவட்டத்து மந்திரவாதி இங்கே வந்தார் என்று கதை கட்டாதீர்கள். அச்சுப் புத்தகத்திலிருந்து படியெடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம். ‘மலையாள மாந்திரீகம்’ என்ற தலைப்பும் அப்படித்தான். உள்ளே ‘என்றெ’, ‘வந்நு’ போன்ற மலையாள வடிவம் ஒன்றாவது இருந்தால்தான் மலையாளம்.

9. நோட்டின் வயது

மந்திரத்தின் வயது வேறு, நோட்டின் வயது வேறு. இப்போது தேடுவது நோட்டின் வயதை. பக்கவோரத்தில் எழுதியிருக்கும் மளிகைக் கணக்கையும் பிறப்பு இறப்புக் குறிப்புகளையும் தள்ளிவிடாதீர்கள். ‘நயா பைசா’ என்று இருந்தால் அந்தக் குறிப்பு 1957 ஏப்ரலுக்கு முந்தையது அல்ல. அணாக் கணக்கு இருப்பதால் மட்டும் 1957-க்கு முந்தையது என்று சொல்ல முடியாது. பழகிய கை அதன் பிறகும் அணாவில் எழுதியது.

‘லை’, ‘னா’ போன்ற எழுத்துகளின் பழைய வடிவமும் அப்படியே. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் பெரியவர்கள் பழைய வடிவில்தான் எழுதினார்கள்.

தமிழ் ஆண்டுப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பும். விளம்பி என்றால் 1898–99 ஆகலாம், 1958–59 ஆகலாம், 2018–19 ஆகலாம். தேதியும் கிழமையும் சேர்ந்திருந்தால் தீர்த்துவிடலாம். 60 வருடம் கழித்து அதே தமிழ்த் தேதி அதே கிழமையில் வராது, ஐந்தாறு நாள் தள்ளிப் போகும். பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள்.

10. அச்சும் சுவடியும்

முதலில் அச்சுப் புத்தகம், பிறகுதான் சுவடி. வீட்டு நோட்டுகள் பல மலிவு விலை மாந்திரீகப் புத்தகங்களைப் பார்த்து எழுதியவை. இதைக் காட்டிக்கொடுப்பது ‘மேற்படி படத்தில் கண்டபடி’ என்ற வரி. நோட்டில் படமே இருக்காது. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய அச்சு நூல்களைப் பார்க்கலாம்.

சுவடிக்குச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். அடையாள அட்டையும் என்ன தேடுகிறீர்கள் என்ற கடிதமும் எடுத்துப் போங்கள். தருமபுரியிலிருந்து சென்னைக்குப் போனால் இரண்டு நாளாவது ஒதுக்குங்கள்.

சுவடி நூலகங்களின் விளக்க அட்டவணைகளில் ஒவ்வொரு சுவடியின் தொடக்க வரியையும் இறுதி வரியையும் அச்சிட்டிருப்பார்கள். அதனால் உங்கள் மந்திரத்தின் இரு முனைகளையும் தனித்தாளில், எல்லா வாய்வடிவங்களோடும் எழுதி வைத்திருக்க வேண்டும். தமிழ் அட்டவணையோடு நிறுத்திவிடாதீர்கள். வடமொழி மந்திரம் தெலுங்கு எழுத்திலோ கிரந்தத்திலோ எழுதப்பட்டு வடமொழிப் பிரிவில் இருக்கும். மொழி வேறு, எழுத்து வேறு என்பதை மறந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

11. ஒப்பிடுதல்

இரண்டு படிகளிலும் ‘வா வா’, ‘ஓம் றீங்’ இருப்பது உறவுக்குச் சான்றல்ல. உறவைக் காட்டுவது இரண்டுக்கும் பொதுவான பிழை. அரூர்ப் படியிலும் ஊத்தங்கரைப் படியிலும் ஒரே சொல் ஒரே இடத்தில் விடுபட்டிருந்தால் இரண்டும் ஒரு தாய்ப்படியிலிருந்து வந்தவை. அந்தச் சொல் அச்சுப் புத்தகத்திலும் விடுபட்டிருந்தால் தாய்ப்படி எது என்று தெரிந்துவிடும். குறைந்தது மூன்று படி கிடைக்காமல் இந்த முடிவுக்குப் போகாதீர்கள். இரண்டு இருந்தால் எது எதைப் பார்த்தது என்று சொல்ல வழியில்லை.

பொருள் தெளிவாக இருக்கும் படிதான் மூலம் என்று நினைப்பதும் பிழை. புரியாததைப் புரிய வைக்கத் திருத்துவார்கள், புரிவதைக் குழப்ப மாட்டார்கள். கரடுமுரடான படியே பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

12. எழுதி வைப்பதும் திருப்பிக் கொடுப்பதும்

ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே உறுதி, வாய்ப்பு, ஊகம் என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். மேலே கோத்த வரியில் முடிப்பும் பீஜ வரிசையும் உறுதி. நடுப்பகுதி கன்னடம் என்பது உறுதி, அது எந்த ஊரிலிருந்து வந்தது என்பது ஊகம். ‘குருவாணை’ என்பதில் குரு பெயர் இல்லாததால் அதற்கு எதிரே எதுவும் எழுத முடியாது, வெற்றிடமாக விடுங்கள்.

படங்களையும் பதிவையும் ஒரு பென்டிரைவில் போட்டு, சுத்தமாக எழுதிய படியையும் சேர்த்து, நோட்டுக்கு உரிய குடும்பத்திடம் கொடுங்கள். மறைக்கச் சொன்ன பீஜம் இருந்தால் நீங்கள் வெளியிடும் படியில் அந்த இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். காளி என்று அவர்கள் இதுவரை நம்பியது காற்று என்று கண்டிருந்தால் அதைப் படியில் எழுதிக் கொடுத்துவிட்டு வராமல், பெரியவரோடு உட்கார்ந்து, பதிவை ஓடவிட்டு, அந்தச் சொல்லை அவர் வாயாலேயே இன்னொருமுறை சொல்லச் சொல்லுங்கள். அவர் குரு அதை எப்படிச் சொன்னார் என்று நினைவுக்கு வந்தால் ஒரு புதிய தடயமும் கிடைக்கும். அதை இரண்டாம் வரியில் தேதியோடு சேருங்கள்.